ஏழு லாரிக்கு ஒரு ஜோடி ரப்பர்

மழை நாள் ஒன்றில் நடந்த விபத்துக்கு நான் காரணமாக இருந்தும், பழியை ஒரு டிரைவர் மீது போட்டேன். அவர் வேலை இழந்து ஊருக்குப் போனார். நான் இன்னும் இரண்டு ஆண்டுகள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, கேக் வெட்டி ஓய்வு பெற்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் சாக்குகள் முந்திக்கொள்ளும்.

சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வாகனப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்தேன். தோண்டிய மண்ணை ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகள் ஏழு என் பொறுப்பில் இருந்தன. பின்சக்கரங்களுக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் தட்டியை மட்பிளாப் என்போம். சக்கரம் வாரி இறைக்கும் நீரும் சேறும் பின்னால் வருகிறவர்மேல் அடிக்காமல் தடுக்க லாரியில் அது இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் வண்டி சோதனையில் தேறாது. எனக்கு இது நன்றாகத் தெரியும். விதிப் புத்தகம் என் மேசையிலேயே கிடந்தது.

ஆனால் தளத்தில் மண்மேட்டின்மேல் லாரியைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் தட்டி சக்கரத்தடியில் சிக்கிக் கிழியும். மாற்றி மாற்றிச் சலித்துப்போய் ஒரு வழி கண்டுபிடித்தேன். நல்ல ஜோடி ஒன்றை ஸ்டோரில் ஆணியில் மாட்டிவைத்தேன். எந்த லாரிக்குச் சோதனை வருகிறதோ அதில் பூட்டி அனுப்புவோம். திரும்பி வந்ததும் கழற்றிவிடுவோம். டிரைவர்கள் அதற்கு மாப்பிள்ளைச் சட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“அண்ணே, இன்னிக்கு யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்பார், பின்னால் நான் பழி போட்ட அந்த டிரைவர். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

“உன் வண்டிக்குத்தான். சட்டையை அழுக்காக்காம கொண்டு வா.”

“கல்யாணம் முடிஞ்சதும் உருவிடுவீங்க. பாவம், மாப்பிள்ளை வெறும் உடம்போட ரோட்ல ஓடணும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

காலையில் ஒவ்வொரு டிரைவரும் ஒரு சரிபார்ப்புத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். விளக்கு, பிரேக், டயர், மட்பிளாப் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் நானே ‘சரி’ போட்டு நீட்டுவேன். அவர்கள் லாரியின் படியில் ஒரு காலை வைத்தபடியே ஒப்பமிட்டுத் தருவார்கள். ஒருவரும் படித்துப் பார்த்ததில்லை.

விபத்து நடந்தது அந்த அறந்தாங்கிக்காரருடைய லாரி சோதனை முடிந்து வந்த மூன்றாம் நாள். தீவு விரைவுச்சாலையில் நல்ல மழை. லாரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பெண், சக்கரம் வீசிய சேற்றுத் தண்ணீரில் பாதை தெரியாமல் தடுப்பில் மோதி விழுந்தார். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அப்போது நான் முயலவும் இல்லை.

மறுநாள் மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்து, மட்பிளாப் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் சரிபார்ப்புத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். காலையில் இருந்ததாக இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், தளத்தில் இவரே கழற்றியிருப்பார் என்றேன். போலீஸ் விசாரணையிலும் அதையே சொன்னேன்.

அறைக்கு வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

“அண்ணே, நீங்க கழட்டச் சொல்லித்தானே கழட்டினேன்?”

“இப்ப பேசாம இரு. நான் பாத்துக்கிறேன்.”

நான் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. அவருடைய வேலை பெர்மிட் ரத்தானது. அந்த வாரமே ஏழு லாரிகளுக்கும் புதிய தட்டிகள் வந்து இறங்கின. வாங்குவதற்கான தாளில் கையெழுத்துப் போட்டவன் நானே. அவ்வளவு சுலபமான வேலை அது.

சாங்கி விமான நிலையத்துக்குப் போகும் வேனில் ஏறுவதற்கு முன் லாரிச் சாவியை என் மேசைமேல் வைத்தார்.

“ஏழு பேருக்கும் சட்டை எடுத்துட்டீங்க போல. முன்னாடியே எடுத்திருக்கலாம் லா, அண்ணே.”

இது நடந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு போலீசிடம் போய், நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். கூப்பிட்டால் போவேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். முகவரி தர முடியாது என்று அதிகாரி மரியாதையாகச் சொன்னார்.

டிரைவருடைய எண், தேக்கா மார்க்கெட்டில் எதிர்ப்பட்ட எங்கள் பழைய மெக்கானிக்கிடம் கிடைத்தது. டிரைவர் இப்போது ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். போனில் அழைத்து, நான் யாரென்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

“எங்கிட்ட கேட்டு என்ன பண்றது? நடந்தது எனக்குத்தான் தெரியுமே. எங்க மாமனார்கிட்ட சொல்லுங்க. குடிச்சிட்டு வண்டி ஓட்டி ஒரு பொண்ணை இடிச்சேன், அதான் அனுப்பிட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறார். ஸ்பீக்கர்ல போடுறேன்.”

ஸ்டோர் ஆணியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார் குறுக்கிடாமல் கேட்டார்.

“உங்களுக்கு என்ன வயசு?”

“எழுபத்தொண்ணு.”

“இந்த வயசுல இவனுக்காகப் பொய் சொல்றீங்களே. எத்தனை தடவை கெஞ்சினான்?”

அன்றே உட்கார்ந்து அத்தனையையும் தமிழில் எழுதினேன். போலீசில் கொடுத்ததன் நகலையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் மாமனார் பெயருக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து டிரைவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

“லெட்டர் வந்துச்சு. மாமனார் ரெண்டு தடவை படிச்சார். மத்தியானம் சாப்பிட உக்காந்தப்ப என்னையும் கூப்பிட்டார். ஊருக்கு வந்ததுலேருந்து இதான் முதல் தடவை. இனிமே நீங்க போன் பண்ண வேணாம்.”

அதில் அண்ணே என்ற சொல் இல்லை. மறுபடி கேட்டும் பார்த்தேன். அதன்பிறகு நான் அழைக்கவில்லை.