ஏ மைனரும் அம்மாவின் சந்தேகமும்

கடற்காற்றின் உப்புப் பட்டு, பிரான்சிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள் சாயங்காலமானால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. நெரவியிலிருந்து பஸ் பிடித்துக் காரைக்காலுக்குப் போய், ஒரு மிஸ்ஸிடம் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். எதையும் லேசில் நம்பாத பிறவி நான். 'ஸி' கட்டையில் தொடங்கி வெள்ளையை மட்டும் வாசித்தால் மேஜர், அது சிரிக்கும்; அதே வெள்ளையை 'ஏ'யில் தொடங்கினால் மைனர், அது அழும் என்று மிஸ் சொன்னபோது, ஒரே அரிசியை இரண்டு பெயர் சொல்லி விற்கிறார், நம்மை ஏய்க்கிறார் என்றே நினைத்தேன்.

மிஸ் கற்றுக்கொடுத்த ஒரு மைனர் பாட்டை வீட்டில் வாசித்த முதல் நாளே வினை வந்தது. தீப்பெட்டியும் கையுமாக வந்த அம்மா, "வெளக்கு வைக்கிற நேரத்துல என்னடி 'ஒப்பாரி'? யார நெனச்சு வாசிக்கிற?" என்றாள். என் புத்தகப் பையைக் கவிழ்த்துக் கடிதம் ஏதும் இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் கிடைக்காத கோபத்தில், இன்னொரு தடவை இந்த அழுகை கேட்டால் கிளாஸ் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அதே பாட்டை வாசித்து, கடைசியில் மட்டும் 'ஏ'யில் முடிக்காமல், இரண்டு கையையும் நகர்த்தி 'ஸி'யில் கொண்டுபோய் நிறுத்தினேன். பாட்டு பளிச்சென்று சிரித்துவிட்டது. மிஸ் ஏய்க்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கட்டைகள் எதுவும் மாறவில்லை, பாட்டு எதில் போய் அமர்கிறது என்பதுதான் மாறியிருந்தது.

அம்மாவோ இன்னும் உஷாரானாள். "நேத்து அழுதது இன்னிக்கு எதுக்குடி சிரிக்குது? என்னத்த மறைக்கிற?"

வேறு வழியில்லாமல் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு முடிவையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டும் ஒரே கட்டதானா?"

"ஒரே கட்டதாம்மா. நீயே பாரு."

கிளாஸ் பிழைத்தது. ஆனால் அதன் பிறகு தினமும் விளக்கேற்றிய கையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். எங்கே முடிக்கிறேன் என்று விரலையும், முடித்ததும் என் முகத்தையும் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

இப்போது அம்மா இல்லை. பக்கத்து அறையிலிருந்து பாட்டுக் கேட்பதும் எங்கள் வீட்டில் நின்றுபோய்விட்டது. என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் மாட்டி வாசிக்கிறாள். கட்டை அமுங்கும் 'டக் டக்' மட்டும்தான் வெளியே வருகிறது. அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல் நேற்று கதவைத் தட்டி, "எல்லாம் நல்லாத்தானடி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தாம்மா இருக்கு, போ" என்றாள்.

நான் நம்பவில்லை.