ஜெட் அடைத்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் கார்புரேட்டர் கழற்றத் தெரிந்தது அம்மாவுக்குத்தான். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் வண்டியை உதைப்பதும் திட்டுவதும். கோழிப்பண்ணையில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் வாரம் ஒருமுறை மக்கர் பண்ணும். அதைக் குடைந்து குடைந்தே அம்மா மெக்கானிக் ஆகிவிட்டாள். வீட்டு மொபெட்டும் அவள் பொறுப்புதான்.

நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளியில் என்னை ஆறாம் வகுப்பு சேர்த்ததும் அவள்தான். "என்னாட்டம் கோழி எரு அள்ளிக்கிட்டுக் கெடக்கப் போறயா?" என்று ஒரே பிடி. காலாண்டு விடுமுறை முடிந்து திரும்பும் நாளில் அழுதேன், சாப்பிட மறுத்தேன், வயிற்றுவலி என்றேன். ஒன்றும் பலிக்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

வழியில் முறுக்கு வாங்க வண்டியை நிறுத்தினாள். அவள் கடைக்குள் போனதும், டாங்கிக்கு அடியிலிருந்த பெட்ரோல் குழாயைத் திருகி மூடிவிட்டேன். என்ன தைரியம் பாருங்கள்!

கொஞ்ச தூரம் போய் வண்டி இருமி நின்றது. மூடிக்கிடந்த ஒரு லாரிப் பட்டறையின் நிழலுக்குத் தள்ளிப்போய், கார்புரேட்டரில் பெட்ரோல் வந்து தேங்கும் அடிக்கிண்ணத்தை அம்மா கழற்றினாள். அதை உற்றுப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"ஜெட்டு அடைச்சிருக்குது சாமி. நேரமாகும், உக்காரு."

கிண்ணத்திலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் அந்த ஊசித் துளையை ஊதினாள், வெயிலில் தூக்கிப் பார்த்தாள், முந்தானையில் துடைத்து மறுபடி ஊதினாள். நடுவில் இருவரும் முறுக்குத் தின்றோம். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி நான் சொன்னதற்கெல்லாம் சிரித்தாள். வெயில் இறங்கியதும், கை கழுவ எதிர் டீக்கடையில் தண்ணீர் வாங்கிவரச் சொன்னாள். வந்து பார்த்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது! குழாயும் திறந்திருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியது சாமிதான் என்று திருச்செங்கோட்டு மலை இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

பள்ளிக் கேட் பூட்டியிருந்தது. "நாளைக்குக் காத்தால கூட்டியாங்க" என்றார் வாட்ச்மேன்.

"கார்புரேட்டர் மோசம் பண்ணிருச்சுங்க" என்றாள் அம்மா, ரொம்ப வருத்தமாக.

வீட்டுக்கு வந்ததும், புதுக் கார்புரேட்டரே மாட்டிவிடலாம் என்றார் அப்பா.

"வேண்டாமுங்க. இதே நல்லாத்தான் இருக்குது."

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பண்ணை ஸ்பிரேயர் நின்றுபோனது. நானே கழற்றினேன். பெட்ரோல் குழாயை யாரோ மூடியிருந்தார்கள்; கிண்ணத்தில் ஒரு சொட்டு இல்லை. ஜெட் அடைத்திருந்தால் கிண்ணம் நிறைந்தல்லவா இருக்கும்? ஸ்பானரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று அம்மா பார்த்ததும் காய்ந்த கிண்ணத்தைத்தான். பார்த்துவிட்டுத்தான் நேரமாகும் என்றாள். பிரிய மனமில்லாதவள் நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.