ராஜா அங்கிக்கு வாங்கிய துணி

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் ராஜாவுக்கு ஓர் அங்கி தைக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னபோது, நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தையல் ஆசிரியை வேலை, அதுவும் தற்காலிகம். தையலும் சாயமும் இரண்டு வருடம் முறையாகப் படித்துத் தேறியவள் நான். சான்றிதழ் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. காலடிப்பேட்டையில் அண்ணன் வீட்டிலிருந்து ராயபுரத்துக்குப் பஸ்ஸில் போய்வருவேன்.

“ஸ்கூல் மேனேஜர் முதல் வரிசையில உக்காருவார். உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எழுதறேன். ஆனா அவரே அங்கியைப் பார்த்து, யார் தைச்சதுன்னு கேட்டாத்தான் நான் எழுதறதுக்கு மதிப்பு. புரியுதா?” என்றார் தலைமையாசிரியை.

புரிந்தது. வேலை நிலைக்காவிட்டால் அண்ணன் வீட்டுச் சமையலறை மூலையில் பாயோடு பாயாக இருந்துவிட வேண்டியதுதான். அண்ணனோ அண்ணியோ அதை வாயால் சொன்னதில்லை. பெட்டியை வைக்க இடம் தேடும்போதெல்லாம் எனக்கே தெரியும்.

நோட்டில் எழுதிக்கொண்டேன். துணி கனமாக இருக்க வேண்டும், ஆனால் தோளிலிருந்து வழிந்து விழ வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் உள்ளே தெரியக்கூடாது. அரக்குச் சாயம் திட்டுத் திட்டாக இல்லாமல் ஏற வேண்டும். தண்ணீரில் சுருங்கக்கூடாது. எட்டு கெஜம். இதையெல்லாம் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று அப்போது நினைப்பேன்.

யுத்த காலம், துணி ரேஷன் கார்டுக்குத்தான் கிடைத்தது. அதனால் முதலில் கைக்கு வந்ததையெல்லாம் பார்த்தேன். கோதுமை மாவு மூட்டைகளைப் பிரித்தால் தையலுக்குள் புழுக்கூடு. விரல் நுனியில் நூலாம்படையாக ஒட்டிக்கொண்டு வந்தது, அதில் ஒன்று நெளிந்தது. துறைமுகத்தில் வேலை செய்யும் அண்ணன், கப்பலில் கழித்துப்போட்ட கித்தான் துணி ஒரு சுருள் கொண்டுவந்தார். மூன்று பூனைகள் அவர் பின்னாலேயே வந்தன. மீன் எண்ணெய். அதை வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை.

கடைசியில் கார்டுக்குக் கிடைத்தது வெளுக்காத காடாத்துணி. ஆலையில் பாவு நூல் அறாமல் இருக்கக் கஞ்சியோடு மாட்டுக்கொழுப்பும் சேர்ப்பார்கள் என்று படித்திருக்கிறேன். படிப்பது வேறு. ஊறப்போட்ட இரண்டாம் நாள் தொட்டியில் சாம்பல் நிற ஆடை கட்டியது. கையை விட்டால் வழவழவென்று முழங்கை வரை ஏறியது. தோல் கிடங்குச் சாக்கடையை யாரோ கொண்டுவந்து எங்கள் கொல்லையில் கவிழ்த்தது போல நாற்றம். எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் எடுத்துத் தின்றேன்.

“இன்னா பொண்ணே, தொரசானி ஆயிட்டியா?” என்றாள் அண்ணி.

வியாழக்கிழமைகளில் மூட்டைத் துணி விற்கும் ஓர் அம்மாள் எங்கள் தெருவுக்கு வருவாள். அந்த வியாழனும் வந்தாள். மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டே மூட்டையை அவிழ்த்தாள்.

“டீச்சரம்மா, இத்தப் பாரு. பாலாட்டம் கீது.”

நிஜமாகவே பால் போலத்தான் இருந்தது. நல்ல நெருக்கமான நெசவு. ஆலை முத்திரை அழியவில்லை.

“கார்டு வேணாமா?”

“கார்டு கேக்கறதுன்னா நா ஏன் ஒன் வூடு தேடி வர்றேன்? நீயே கடைக்குப் போயிக்கோ.”

“யாராவது கட்டினதா?”

“ஐயே! ஒரு தபா கூட ஒருத்தரும் கட்டல. புத்சு. மடிப்பப் பாரு. நீ ஊறப்போட்ட துணியால தெருவே நாறிக்கினு கீது, நீ என்னிய கேள்வி கேக்குறே!”

எல்லாச் சோதனையும் செய்தேன். பூதக்கண்ணாடி வைத்து இழைகளை எண்ணினேன். கத்திரிக்கோல் கைக்கெட்டவில்லை என்று கரையைப் பல்லால் கடித்து ஒரு கீற்றுக் கிழித்துக் கொளுத்திப் பார்த்தேன், சுத்தமான பருத்தி. நாக்கில் ஒட்டிய இழையை நுனிவிரலால் எடுத்துப்போட்டேன். மென்மை தெரிய வேண்டும் என்று கன்னத்தில் வைத்துத் தேய்த்தேன். நாலு துண்டு, மடிப்பைப் பிரிக்காமலே அளந்தேன், ஒவ்வொன்றும் சரியாக இரண்டு கெஜம். ஒவ்வொரு மூலையிலும் மஞ்சள் தொட்டிருந்தது. ஊதுபத்தியும் சந்தனமும் மணத்தன. எங்கள் பக்கம் புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் உடுத்த மாட்டோம். ‘கல்யாண வீட்டில் மிஞ்சியதாக இருக்கலாம்’ என்று நோட்டில் எழுதினேன். அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை.

சாயம் போடுமுன் துணியைச் சலவைச் சோடாவில் அவிக்க வேண்டும். மறுநாள் காலை கொல்லையில் மூன்று செங்கல் வைத்து, மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொதிக்கவிட்டுத் துணியை மடிப்போடு உள்ளே இறக்கினேன். மஞ்சள் பட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பாக மாறியது. மஞ்சளும் சோடாவும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும், எனக்குத் தெரியும். பயப்படவில்லை. கோலால் கிளறினேன். மடிப்பு விரிய விரிய நுரையோடு ஏதோ மேலே வந்தது. வெள்ளையாக, ஊதிப்போய். சோற்றுப் பருக்கை.

“துணிய அவிக்கிறியா, சோறு வடிக்கிறியா?” என்று சிரித்துக்கொண்டே அண்ணி பக்கத்தில் வந்தாள். நானும் சிரித்தேன். அட்சதை என்றேன்.

அண்ணி குனிந்து கோலின் நுனியைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த பருக்கைகளுக்கு நடுவே கறுப்பாக நாலைந்து பொட்டு.

“எள்ளு” என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. “கல்யாணத்துல எவ எள்ளு போடுவா? அரிசியும் எள்ளும், ரெண்டு ரெண்டு கெஜமா தனித்தனித் துண்டு… அடிப்பாவி, இது பொணத்து மேல போத்துன கோடிடி. சுடுகாட்டுலர்ந்து வந்துகீது. கீழ போடு அந்தக் கோல!”

போடவில்லை. கை விடவில்லை என்பதுதான் சரி. அரிசி வெந்துகொண்டிருந்தது. ஒரு பிணத்தின் நெஞ்சில் சிந்தி, மடிப்புக்குள் தங்கி, என் சோடாத் தண்ணீரில் குழைய வெந்து, ஆவியாக என் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. அந்த ஆவியை அதுவரை கால்மணி நேரம் மூச்சில் இழுத்திருக்கிறேன். கரையைக் கடித்த பல்லும், இழை ஒட்டிய நாக்கும் நினைவுக்கு வந்ததும் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். பிறகு சாம்பலும் உப்பும் வைத்து ஈறு கிழியத் தேய்த்தேன். கன்னத்தையும் தேய்த்தேன்.

எத்தனை சாவுக்குப் போயிருக்கிறேன். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு புதுத்துணியோடு வருவதும், ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்துவதும் எனக்குத் தெரியாததல்ல. என் அப்பா மேல் ஏழு விழுந்தன, நானே எண்ணினேன். இடுகாட்டில் அவற்றை எடுத்துவிடுவார்கள் என்றும் தெரியும். எடுத்தது எங்கே போகும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த தெருவில் மூட்டைக்காரியைப் பிடித்து அழைத்துவந்தேன். வந்தவள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“ஆமா, மூலக்கொத்தளம் சுடுகாட்டுலர்ந்துதான் வருது. இப்ப இன்னா அதுக்கு? பொணம் எழுந்து கட்டிகினு நடந்துச்சா? மேல போட்டாங்கோ, எடுத்தாங்கோ. கார்டு இல்லாம புத்சுத் துணி வோணும்னியே, அது எங்கர்ந்து வரும்னு நெனச்சே? வானத்துலர்ந்தா?”

“சொல்லியிருக்கணும் இல்ல?”

“நீ இன்னா கேட்டே? கட்டினதான்னு கேட்டே. நா கட்டிகினு கீறதும் அதே துணிதான், சாயம் போட்டது. எனக்கு இன்னா ஆச்சு? சும்மா பேஜாரு பண்ணாத டீச்சரம்மா.”

என் கண் அவள் குடித்து வைத்த தம்ளரின் மேல் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, “கலீஜ் என் துணியில இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

துணியைக் கோலாலேயே எடுத்து அலசிக் காயப்போட்டு, செய்தித்தாளில் சுற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். தலைமையாசிரியை பிரித்துப் பார்த்தார். விரலால் நீவினார்.

“அவிச்சாச்சா?”

“ஆச்சு.”

“நல்லா வெளுத்திருக்கே. அப்புறம் என்ன? சாயத்தைப் போடு. இன்னும் நாலு நாள்தான் இருக்கு. யார்கிட்டயும் வாயைத் திறக்காதே.”

சாயம் போட்டேன். வெட்டினேன். தைத்தேன். துணி எனக்கு எந்தத் தொல்லையும் கொடுக்கவில்லை. சாயம் ஒரே சீராக ஏறியது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் வந்து, தோளிலிருந்து தண்ணீர் போல விழுந்தது. நான் தைத்ததிலேயே அதுதான் நல்ல வேலை. அதைச் சொல்லவே அருவருப்பாக இருக்கிறது.

ஒத்திகையில் ராஜா வேடம் போட்ட பெண்ணுக்கு வசனம் மறந்துபோனது. யோசிக்கிறபோது எதையாவது வாயில் வைத்துச் சப்புவது அவள் பழக்கம், அன்று அங்கியின் கழுத்துக் கயிற்றை வைத்தாள். அதே துணியில் திரித்த கயிறு. நான் போய் வெடுக்கென்று பிடுங்கினேன். எச்சிலில் நனைந்து வந்தது.

“இன்னா டீச்சர்? சந்தன வாசனையா கீது. நல்லாத்தானே கீது” என்றாள்.

சோடாவும் சாயமும் உப்பும் இத்தனை அலசலும் தாண்டி அந்த வாசனை இருந்தது. அங்கியை அங்கேயே கழற்றச் சொன்னேன். என்ன காரணம் என்று பெண்கள் கேட்டார்கள். கழுத்துப் பிடிக்கிறது என்று பொய் சொன்னேன். தலைமையாசிரியை என்னைத் தனியாக அழைத்து, “உன் வேலையை நீயே கெடுத்துக்கறே” என்றார். கோபம்கூட இல்லை, ஒரு தகவல் மாதிரி சொன்னார்.

மறுபடியும் காடாத்துணியிடம் போனேன். கொழுப்பு முழுதும் இறங்க ஒரு வாரம் வேண்டும். இருந்தது ஒன்றரை நாள். சாயம் திட்டுத் திட்டாக நின்றது. விழா அன்று ராஜா, தபால் மூட்டை நடந்து வருவது போல மேடைக்கு வந்தார். விளக்குச் சூட்டில் கொழுப்பு நாற்றம் கிளம்பியது. அந்தப் பெண் அரிப்புத் தாங்காமல் செங்கோலால் முதுகைச் சொறிந்தாள், சபை கைதட்டியது. மேனேஜர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பக்கத்தில் திரும்பி, “யார் தைச்சது?” என்று கேட்டார்.

நான் இன்னும் ஒரு வருடத்துக்குத் தற்காலிகமானேன்.

முதல் அங்கியை எரித்துவிடலாம் என்று கேட்டேன். தலைமையாசிரியை அதை மடித்து, வேடத்துணிப் பெட்டியில் நாப்தலின் உருண்டையோடு வைத்துப் பூட்டினார். “நல்ல துணி” என்றார்.

இந்த வருட நாடகத்தில் ஒரு மந்திரி. தலைமையாசிரியை பெட்டியைத் திறந்து அங்கியை எடுத்து என் மேசையில் வைத்தார். “புதுசு வேண்டாம். இடுப்புல ரெண்டு இஞ்ச் பிடிச்சாப் போதும்.” மந்திரி வேடம் போடும் பெண்ணை வரச்சொல்லி அளவெடுத்தேன். இரண்டு பக்கமும் பிடித்தேன், இஸ்திரி போட்டேன். நூலைக் கத்திரிக்கோலால் வெட்டினேன். மேனேஜர் பார்த்தார், கேட்டார், தலையாட்டினார். நிரந்தர உத்தரவு போன வாரம் வந்தது. சான்றிதழோடு தகரப் பெட்டியில் இருக்கிறது.

இந்தப் பெண்ணும் கழுத்துக் கயிற்றை வாயில் வைத்தாளா என்று எனக்குத் தெரியாது. ஒத்திகை முழுதும் நான் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரைச்சீலை வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு இருந்தன.