மூன்று ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். டயாலிசிஸ் பிரிவின் பொறுப்பு சிஸ்டர். நான்காம் நாற்காலியில் டேங்கர் லாரி ஓட்டிய டிரைவர் அண்ணன். அவருக்குத் துணையாக வந்திருந்த அவர் மனைவி. நான்கு நீல டிரம்களை இறக்கிவிட்டுக் கைலியைப் பிழிந்துகொண்டு நின்ற என் மச்சான். அப்புறம் நான். டாக்டர் இல்லை, ஊருக்குப் போயிருந்தார். மற்ற நாற்காலிகள் மழையால் காலியாக இருந்தன. இத்தனை துல்லியமாக எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. இதையெல்லாம் நானே என் கையால் எழுத வேண்டி வந்தது.

திருவொற்றியூரில், பஸ் போகும் சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளி அந்த இடம். கீழே மருந்துக் கடை, மேலே டயாலிசிஸ். நோயாளிகள் படுத்திருக்கும் அறைக்கும் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், கூடத்தில், நானூறு லிட்டர் கடல் தொட்டி. வெளிநாடு போன நண்பர் ஒருவரிடமிருந்து டாக்டர் வாங்கி வைத்தது. அதைப் பராமரிப்பது என் வேலை. உள்ளே உயிருள்ள பவளங்கள், இரண்டு ஜோடி கோமாளி மீன்கள், இன்னும் சில மீன்கள், கோடு போட்ட இறால் இரண்டு, ஒரு நட்சத்திர மீன். ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினுக்காக மாடியில் தண்ணீர் சுத்திகரிக்கும் பிளாண்ட் இருந்தது. தொட்டியில் ஆவியாகிக் குறையும் தண்ணீரை அதிலிருந்து ஊற்றி ஈடு செய்வேன். மனிதனுக்கு ஆகிற தண்ணீர் பவளத்துக்கும் ஆகும் என்று டாக்டர் சொல்லிச் சிரிப்பாராம். எனக்கு அதில்கூடப் பயம்தான்.

பயம் என் கூடப் பிறந்தது. வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிற ஆள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஒரு வளர்ப்பு மீன் கடையில் சேர்ந்தேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்ணீர் மாற்று. ஏன் என்று கேட்கவில்லை. மாற்றாத வாரம் எனக்குத் தூக்கம் வராது. காசிமேட்டில் ஃபைபர் படகில் போகும் என் மனைவியின் தம்பி, கரையை விட்டு வெகுதூரம் போய் நல்ல கடல் தண்ணீர் மொண்டு வந்து கொடுப்பான். வாரம் ஐம்பது லிட்டர் எடுத்து ஐம்பது லிட்டர் ஊற்றுவேன். வேலை முடிந்து ஈரத்துணியைப் பிழிந்து போடும்போதுதான் மனப்பாரம் கொஞ்சம் இறங்கும்.

சிஸ்டர் ராயபுரத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து, சேலையோடு நேராக வந்து கணக்கு நோட்டுகளை விரித்துக்கொண்டு உட்காருவார். நான் குழாய் போட்டுத் தண்ணீரை உறிஞ்சுவதைச் சில வாரம் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார். இப்போது வெளியே எடுக்கிற தண்ணீரில் என்ன கெட்டுப் போயிருக்கிறது? கண்ணுக்குத் தெரியாதது சேர்ந்திருக்கும் சிஸ்டர் என்றேன். இங்கே வருகிற யாருக்கும் ரத்தம் பார்க்காமல் நாங்கள் மெஷினில் கையை வைப்பதில்லை, நீ மட்டும் காலண்டரைப் பார்த்து வைத்தியம் செய்கிறாயே என்றார். குரலில் கேலி இல்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் சொல்லிச் சோதனை மருந்துப் பெட்டி வாங்கி வைத்துவிட்டார். நைட்ரேட், கால்சியம், காரத்தன்மை. பழைய நோயாளி அட்டை ஒன்றின் பின்புறத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வாரமும் என்னை எழுத வைத்தார். இரண்டு மாதத்தில் அட்டை சொன்னது இதுதான்: அழுக்கு ஏறவே இல்லை. பவளம் தின்று தின்று குறைவது காரத்தன்மை மட்டும். அதைத் தண்ணீர் மாற்றி ஈடு கட்ட முடியவில்லை. மருந்தாகக் கரைத்து ஊற்றினால்தான் நிற்கிறது. அட்டையைப் பார்த்தேன், தலையை ஆட்டினேன், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் தண்ணீர் மாற்றினேன்.

அந்தத் தொட்டியால் பிழைத்தது நான் மட்டுமல்ல. டிரைவர் அண்ணன் மணலியிலிருந்து வாரம் மூன்று நாள் வருவார். ஊசி குத்தி நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். தொட்டி வருவதற்கு முன்பு அவர் கால் மணிக்கு ஒருதரம் மணி கேட்பாராம்; இரண்டு தடவை பாதியில் எழுந்து போவேன் என்று சண்டை பிடித்து நேரத்துக்கு முன்பே மெஷினை நிறுத்த வைத்திருக்கிறார். அப்படிப் போன வாரங்களில் கால் வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். "மீனப் பாத்துகினு இருந்தா அவுரு மணியே கேக்க மாட்டாரு" என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று அவருக்குக் கட்டுப்பாடு. இடைநாட்களில் நான் தொட்டிக்கு வாளியில் தண்ணீர் ஊற்றுவதைப் படுத்தபடியே பார்த்துச் சொல்வார்: "எனக்கு ஒரு லிட்டரு. மீனுக்கு வாரா வாரம் அம்பது. நைனா, அடுத்த தபா என்னிய அந்தத் தொட்டில போட்டுரு."

டாக்டருக்குத் தொட்டி சலித்துவிட்டிருந்தது. பம்ப் ஒரு தடவை போனது, விளக்கு ஒரு தடவை போனது. இன்னொரு செலவு வந்தால் எடுத்துவிட்டு டிவி மாட்டிவிடலாம் என்றார். டிவியும் வந்துவிட்டது. பெட்டி பிரிக்காமல் கூடத்தின் மூலையில் சாய்ந்து நின்றது.

அப்போதுதான் அந்த மழை. இரண்டு ஞாயிறு படகுகள் போகவில்லை. எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதக்கிறது என்று வேறு பேச்சு. மூன்றாவது ஞாயிறு வரை பொறுக்க முடியாமல், படகுகளைக் கடலுக்குப் போக விட்டதும் சனிக்கிழமையே மச்சானை எடுத்து வரச் சொன்னேன். இரண்டு வாரம் விட்டுப் போனதையும் வரப்போகும் ஞாயிற்றையும் சேர்த்து நூற்றைம்பது லிட்டர். கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. மூன்று வேளை பட்டினி கிடந்தவன் மூன்று வேளைச் சோற்றையும் ஒரே இலையில் சாப்பிட மாட்டான் என்பது தோன்றவில்லை.

டிரம் நான்கையும் திறந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். வெள்ளைத் தாளைத் தண்ணீர் மேல் பரப்பி, எண்ணெய் ஒட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மச்சானையும் மோந்து பார்க்கச் சொன்னேன். டிரைவர் அண்ணனின் மனைவியிடமும் காட்டினேன். துளி வாசம் இல்லை. தண்ணீர் சில்லென்று இருந்தது. மழைக்காலக் கடல் அப்படித்தான் என்று நினைத்து, சூடேற்றி, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றினேன். உப்பு பார்க்கவில்லை. மூன்று வருடத்தில் ஒரு நாளும் கடல் தண்ணீரில் உப்பு குறைந்ததில்லை. எண்ணெய்க்குப் பயந்த பயத்தில் உப்புக்குப் பயப்பட மறந்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. நட்சத்திர மீன் கண்ணாடியிலிருந்து கழன்று கீழே விழுந்தது. டிரைவர் அண்ணன்தான் முதலில் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலால் தட்டினார். நான் உப்பு பார்க்கும் குழாயைக் கண்ணில் வைத்தேன். முப்பத்தைந்து இருக்க வேண்டியது முப்பதில் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். முப்பது.

மச்சான் இன்னும் போகவில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தான். எங்கே மொண்டாய் என்று கேட்டேன். எப்போதும் மொள்ளும் இடம்தான். இரவு முழுக்கக் கடலில் இருக்க வேண்டி வந்ததாம். அவ்வளவு நேரம் டிரம்மில் கிடந்தால் தண்ணீர் வீச்சம் அடித்துவிடும் என்று, மீனுக்கு ஏற்றிய ஐஸை அள்ளி ஒவ்வொரு டிரம்மிலும் பாதிக்குப் பக்கமாகப் போட்டிருக்கிறான். "கெட்டுப் போவக் கூடாதுன்னுதான் மாமா போட்டேன். மீனுக்குப் போடறோம், தண்ணிக்குப் போடக் கூடாதா?" என்றான். அவன் அப்பாவும் அவனும் பிழைத்த பிழைப்பில், கடலிலிருந்து எடுத்த எதுவாக இருந்தாலும் ஐஸ் போடாமல் கரைக்குக் கொண்டு வந்ததில்லை. ஐஸ் உருகினால் உப்பில்லாத தண்ணீர் என்று மட்டும் சொன்னேன், திட்டவில்லை.

எல்லாத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதிதாக ஊற்றிவிடுகிறேன் என்று குழாயை எடுத்தேன். சிஸ்டர் வந்து குழாயை வாங்கிக் கீழே வைத்தார்.

"சோடியம் எறங்குன பேஷண்டுக்கு ஒரே மூச்சுல ஏத்துனா என்னா ஆவும் தெரியுமா தம்பி? மூளை போயிடும். எறங்குனதுல பொழைச்சவன், ஏத்துனதுல போயிடுவான். ஒரு நாளைக்கு ஒரு பாயிண்டு. அதுக்கு மேல கூடாது."

வளர்ப்பு மீன் கடையில் இருந்து கடல் உப்புத்தூள் வாங்கி வரச் சொன்னார். பிளாண்ட் தண்ணீரில் அதைக் கெட்டியாகக் கரைத்து, சலைன் ஏற்றும் குழாய் ஒன்றைக் கொடுத்து, சக்கரத்தை உருட்டிச் சொட்டு விழும் வேகத்தை அவரே வைத்தார். நோயாளிக்கு மாட்டுவது போலவே தொட்டிக்குப் பக்கத்தில் கம்பியில் பாட்டில் தொங்கியது. ஐந்து நாள் தொங்கியது. இறால் இரண்டும் நட்சத்திர மீனும் செத்தன. மீன்கள் பிழைத்தன. பவளங்கள் சுருங்கியபடியே கிடந்தன. செவ்வாய்க்கிழமை டிரைவர் அண்ணன் படுத்ததும் தொட்டியைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், தன் கையில் இருந்த குழாயைப் பார்த்தார். அன்றைக்கு மூன்று தடவை மணி கேட்டார்.

டாக்டர் வருவதற்குள், நடந்ததை எழுதித் தர வேண்டும் என்றார் சிஸ்டர். அங்கே ஊசி தவறினாலும் மருந்து மாறினாலும் அப்படி ஒரு தாள் எழுதுவது வழக்கம். முதல் கட்டம், யார் யார் இருந்தார்கள். இரண்டாவது, என்ன செய்தோம். மூன்றாவது, ஏன் செய்தோம். படித்தவர்கள் எழுதுகிற தாள் இது சிஸ்டர் என்றேன். செய்தவன்தான் எழுத வேண்டும் என்றார். முதல் இரண்டு கட்டத்தை எழுதிவிட்டேன். மூன்றாவதில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'ஞாயிற்றுக்கிழமை என்பதால்' என்று எழுதினேன். எழுதிய பிறகு பார்த்தால் அன்றைக்குச் சனிக்கிழமை.

சிஸ்டர் அந்தத் தாளையும் இரண்டு மாதத்து அட்டையையும் சேர்த்து டாக்டர் மேஜையில் வைத்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒரு மாதம் தவணை கிடைத்தது. பவளம் விரியாவிட்டால் டிவி. இனி கடல் தண்ணீர் கிடையாது, அட்டையில் காரணம் இல்லாமல் மாற்றுவதும் கிடையாது. அந்த மாதம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை போவேன், சோதிப்பேன், எழுதுவேன், காரத்தன்மைக்கு மருந்து ஊற்றுவேன், செய்ய வேறு ஒன்றும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மூன்றாவது வாரம் பச்சைப் பவளம் ஒன்று பாதி விரிந்தது. மாத முடிவில் ஏறக்குறைய எல்லாமே விரிந்திருந்தன. டிவிப் பெட்டியை டாக்டர் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் தண்ணீரே மாற்றவில்லை.

சிஸ்டர் இப்போது குவைத்தில் இருக்கிறார். டிரைவர் அண்ணன் இன்னும் வருகிறார், கொஞ்சம் இளைத்திருக்கிறார். வேலை கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் போன் போட்டு, வாரா வாரம் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டுமா என்று கேட்பார்கள். அளந்து பார், தேவை இல்லையென்றால் வேண்டாம் என்பேன். இதை முழு மனதோடு சொல்கிறேனா என்று போனை வைத்த பிறகு யோசிப்பேன்.

போன மாதம் கூடத்துக்குப் பெயிண்ட் அடித்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் போய்ச் சேரும்போது தொட்டியை மூடாமலே பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சுவருக்கு மருந்து அடித்து, மேலே முதல் பூச்சும் முடித்திருந்தார்கள். அறை முழுக்க நெடி. காற்றுப் பம்ப் அந்தக் காற்றைத்தான் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. எல்லாச் சோதனையும் செய்தேன். அட்டையில் எல்லாம் சரியாக இருந்தது. பவளங்கள் விரிந்தே இருந்தன. குவைத்துக்குப் போன் போட்டேன்.

"அளந்தியா?" என்றார்.

"அளந்தேன் சிஸ்டர். எல்லாம் சரியா கீது. ஆனா இந்த நெடிய அளக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் கூவுவது கேட்டது.

"அளக்க முடியாதுன்னா, அப்ப மாத்து" என்றார்.

பம்பை நிறுத்தி ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பிளாண்ட் தண்ணீரில் உப்பைக் கரைத்தேன். முப்பத்தைந்து. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பெயிண்டரைக் கூப்பிட்டு அவரையும் உப்பு பார்க்கும் குழாயில் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, நீலமாகத் தெரிகிறது, கோடு எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். அங்கேதான் இருக்கிறது என்றார். அதன் பிறகே முதல் வாளியைத் தூக்கினேன்.