மாதா துணியால் கட்டிய கை

என் மகன் எட்வினின் வலது கை விழுந்துபோனதற்கு நான்தான் காரணம். இதை மறைத்துவிட்டு மாதாவின் அருளுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

2009 ஆகஸ்ட். அவனுக்குப் பத்து மாதம். வயிற்றுப்போக்கு நிற்காமல் கடலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இடது கையில் குளுக்கோஸ் ஏறியது. அதைப் பிடுங்காமல் இருக்க, நர்ஸ் அவன் வலது மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு தளர்வாகக் கட்டினார். அவன் கையை உருவிக்கொண்டான். எனக்குப் பயம். எங்கள் கோவிலில் மாதாவுக்குச் சாத்திய புடவையில் ஒரு நீலத் துண்டு என்னிடம் இருந்தது. அதை எடுத்து, முழங்கைக்கு மேலே நானே இறுக்கிக் கட்டினேன்.

“இன்னாக்கா இது, இவ்ளோ இறுக்கமா? அவுத்து வுடுங்க,” என்றார் நர்ஸ்.

“மாதா துணி சிஸ்டர். ஒண்ணும் ஆவாது.”

அவர் தளர்த்திவிட்டுப் போனார். நான் மறுபடியும் இறுக்கினேன்.

காலையில் அவிழ்த்தபோது மணிக்கட்டு துவண்டு தொங்கியது. விரல்கள் நிமிரவில்லை.

“கட்டு அழுத்தி நரம்பு அடிபட்டிருக்கு. சரியாவலாம். எப்பன்னு சொல்ல முடியாது,” என்றார் டாக்டர்.

முன்பெல்லாம் பால் குடிக்கும்போது என் தாலிச் செயினை வலது கையால் பிடித்துக்கொள்வான். அந்தப் பிடிக்காக எவ்வளவு ஏங்கினேன்! மாதாவிடம் பேசவே வாய் வரவில்லை. நம்பித்தானே கட்டினேன்? இல்லை, பயந்து கட்டினேனா? கணவரிடம் உண்மையைச் சொல்லவே ஒரு வாரம் ஆனது. அவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “அழுவாத. சிதம்பரம் பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு,” என்றார்.

வாரம் இரண்டு முறை சிதம்பரம் மருத்துவமனையில் கைப்பயிற்சி. வீட்டிலும் தினமும் அவன் கையை நிமிர்த்தி மடக்க வேண்டும். எண்ணிக்கை தவறிவிடுமோ என்று ஜெபமாலையை எடுத்தேன். ஒரு மணியை உருட்டினால் ஒரு மடக்கு. “தாயே, நான் கட்டிட்டேன். நீங்க அவுத்து வுடுங்க.” வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

டிசம்பரில் ஒருநாள், திரும்பும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டியதும் கழுத்தில் செயின் இழுபட்டது. குனிந்து பார்த்தேன். வலது கை.

“அறுத்துடப் போறான், கைய எடுத்து வுடு,” என்றார் கணவர்.

“அறுக்கட்டும், வுடுங்க.”

இப்போது எல்.கே.ஜி. போகிறான். அதே கையால் சிலுவை அடையாளம் போடுகிறான். பிள்ளை நலம்பெற ஏங்குகிற தாய்மாரே, ஜெபத்தை விடாதீர்கள், பயிற்சியையும் விடாதீர்கள். நர்ஸ் அவிழ்க்கச் சொன்னால் அவிழ்த்துவிடுங்கள். நாம் கட்டாவிட்டாலும் மாதா பிடித்துக்கொள்வார்.