தெரியவில்லை என்கிற மூன்றாவது பதில்

செவ்வாய்க்கிழமை காலை. அலுவலகத்தில் நுழைந்து பையைக்கூட இறக்கவில்லை, ஜெசிந்தாவின் தம்பி அருள் போனில் கூப்பிட்டான். "செல்வியக்கா, அக்கா போயிட்டா" என்றான். நான் அழவில்லை. "உறுதியாத் தெரியுமா அருள்?" என்று கேட்டேன். கூடப்பிறந்த தம்பியிடம் கேட்கிற கேள்வியா அது? அவன் கோபப்படவில்லை. "பக்கத்துலதான் நிக்கேன். டாக்டர் பாத்துட்டுச் சொல்லிட்டாரு. உறுதிதான்க்கா" என்றான். நான் ஏன் அப்படிக் கேட்டேன், அவன் ஏன் அவ்வளவு பொறுமையாகப் பதில் சொன்னான் என்பது ஜெசிந்தாவுடன் பழகியவர்களுக்கு விளங்கும். அவளைத் ‘தோணி’ வழியாக மட்டும் அறிந்தவர்களுக்காக மற்றதையும் எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் நானும் அவளும் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தோம். நான் சாத்தான்குளத்துக் கடைக்காரர் வீட்டுப் பெண். அவள் கடற்கரைக்காரி. எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று கணினியில் காட்டும் நிரலை எழுதுவது எங்கள் வேலை. சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அது. அந்த நிரல் கேட்பதை டேட்டாபேஸுக்குக் கொண்டுபோய்ப் பதிலைத் திருப்பிக் கொண்டுவர நடுவில் ‘லைப்ரரி’ என்கிற ஓர் ஆயத்த நிரல்தொகுப்பு வேண்டும். கிடைத்தவையெல்லாம் எங்கள் யார்டு நெட் அறுந்து அறுந்து வரும் அழகுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சுப்பேச்சின்றிக் கிடந்தன. நாமே எழுதுவோம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். சரக்கேற்றிப் போய்ச் சரக்கேற்றித் திரும்புவதால் ‘தோணி’ என்று பெயர் வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும் என்று மொத்த நிரலையும் இணையத்தில் திறந்து வைத்தோம்.

முதல் ஆண்டிலேயே நான் ஒரு வேலை பார்த்தேன். ‘இதைப் பதிவு செய்’ என்று அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது இணைப்பு அறுந்தால், தோணி தானாகவே இன்னொரு முறை அனுப்பிவிடும்படி எழுதினேன். பெரிய சமர்த்து என்று நினைப்பு. உண்மையில் முதலில் அனுப்பியது பதிவாகிவிட்டிருந்தது; பதில் மட்டும்தான் வழியில் அறுந்திருந்தது. ஒரே பெட்டிக்கு இரண்டு கேட் பாஸ், இரண்டு லாரி. டிரைவர்கள் இருவரும் கேட்டில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மேனேஜர் அண்ணாச்சி மூச்சிரைக்க மாடியேறி வந்து, "ஏம்மா, ஒத்தப் பொட்டிய ரெண்டாப் பொளந்தா குடுக்கச் சொல்லுதிய?" என்று கேட்டார்.

சரி என்று அதை எடுத்துவிட்டு, இணைப்பு அறுந்தால் ‘பதிவாகவில்லை’ என்று சொல்லும்படி மாற்றினேன். ஜெசி பார்த்துவிட்டு அதன் கீழே ஒரே ஒரு சொல் எழுதினாள்: ‘பொய்.’ எனக்குச் சுருக்கென்றது. "ஆச்சுன்னும் சொல்லக் கூடாது, ஆகலன்னும் சொல்லக் கூடாதுன்னா, வேற என்ன எழவத்தான் சொல்ல?" என்று எகிறினேன். அவள் மக்ரூன் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். வாங்கி வரும் மக்ரூனில் பாதி அவள் கீபோர்டுக்குத்தான் போகும். தின்றுகொண்டே தம்பி கதையைச் சொன்னாள்.

அருளுக்கு அப்போது இருபது வயது. கடலுக்குப் போன அவன் படகு சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. விசாரித்தபோது பக்கத்துப் படகுக்காரர் ஒருவர், அம்மா தவிப்பதைப் பார்க்க மாட்டாமல், "கரைக்கு வந்துட்டான், இப்ப வீட்டுக்கு வாரான்" என்று சொல்லிவிட்டார். அம்மா மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். மறுநாள் இன்னொருவர் படகு கவிழ்ந்துவிட்டதாகச் சொன்னார். வீட்டில் அழுகை. சொந்தக்காரர்கள் ஸ்டுடியோவில் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலையும் வாங்கிவிட்டார்கள். ஜெசி மட்டும் பஸ் ஏறினாள். ஒவ்வொரு கரையாக இறங்கி விசாரித்துக்கொண்டே போனாள். வேம்பாரில் என்ஜின் பழுதாகி ஒதுங்கிய படகில், போனைக் கடலில் தொலைத்துவிட்டு, அருள் பரோட்டா தின்றுகொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தவன் தன் படத்துக்குக் கீழே நின்று, "இதுல நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றானாம்.

"வந்துட்டான்னு சொன்னவரும் நல்ல மனுசன்தான், போயிட்டான்னு சொன்னவரும் நல்ல மனுசன்தான்" என்றாள் ஜெசி. "தெரியல, போயிப் பாத்துட்டு வாரேன்னு சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வரல. நம்ம தோணியாவது சொல்லட்டும்ளா."

அப்படித்தான் தோணிக்கு மூன்றாவது பதில் வந்தது. ஆயிற்று, ஆகவில்லை, தெரியவில்லை. அனுப்பும் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாளக் குறி போட்டோம். இணைப்பு திரும்பியதும் தோணி போய் அந்தக் குறி உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். அதன் பிறகு ஒரு பெட்டிக்கு இரண்டு லாரி வந்ததில்லை. தவறான திருத்தங்களின் கீழே ஜெசி எழுதும் ‘பொய்’ என்ற சொல்லை உலகம் முழுவதும் தோணிக்குத் திருத்தம் அனுப்பியவர்கள் தமிழ் எழுத்திலேயே படிக்கப் பழகினார்கள். முகம் பார்த்திராத வெளிநாட்டுக்காரர் ஒருவர், தான் அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தின் தலையிலும் ‘இதில் பொய் இல்லை’ என்று முன்கூட்டியே தமிழில் எழுதி அனுப்புவார். ஜெசி அப்போதும் ஒன்றைக் கண்டுபிடிப்பாள்.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு, தோணியைப் பயன்படுத்தும் பெரிய நிறுவனம் ஒன்று எனக்கு எழுதியது. மூன்றாவது பதில் தொல்லையாக இருக்கிறது, ‘பதிவாகவில்லை’ என்றே சொல்லிவிடட்டும், இல்லையென்றால் வேறு லைப்ரரிக்குப் போகிறோம் என்றார்கள். தோணிக்கு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் அவர்கள் ஆட்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. நோயாளியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, அவளிடம் கேட்காமலே, எல்லாரும் பார்க்கும் தோணியின் இணையப் பக்கத்தில் சரி என்று எழுதிவிட்டேன். மறுநாள் என் பதிலுக்குக் கீழே அந்தச் சொல் இருந்தது. ஒற்றை ஆளாக நான் இழுத்துக்கொண்டு கிடக்க, படுத்துக்கொண்டு பொய் என்கிறாளே என்று ஆத்திரம். ஒன்பது நாள் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. அந்த ஒன்பது நாளை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

பத்தாம் நாள் போனேன். பாதியாகக் கரைந்திருந்தாள். பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "எல்லாம் சரியாயிரும் ஜெசி."

"பொய்" என்றாள். சிரித்தாள். "தோணிச் சண்டைய அப்புறம் போடுவோம். மொதல்ல இத ஒழுங்காச் சொல்லு."

"தெரியல ஜெசி" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வாரவங்க எல்லாரும் சரியாயிரும்னு சொல்லிட்டு ஓடுதாங்க. நீ ஒருத்திதான்ளா இங்கன வந்து என்னையப் பாத்திருக்க" என்றாள்.

அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்தே நிறுவனத்துக்கு மறுப்பு எழுதினேன். "ரெண்டு இடத்துல எதுக்கு மன்னிப்பு? ஒண்ணு போதும்" என்று அதையும் திருத்திக் கொடுத்தாள். அவர்கள் போய்விட்டார்கள். பாதிப் பேரும் போனார்கள். மூன்றாவது பதில் இருக்கிறது.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனபோது, அருளின் அந்த ஸ்டுடியோ படம் மேசைமேல் சாய்ந்து கிடந்தது. இத்தனை ஆண்டுகள் அது தொங்கிய ஆணியில் இப்போது ஜெசியின் படம்.

போன வாரம், ‘பொய் இல்லை’ என்று எழுதும் அந்த வெளிநாட்டுக்காரர் கேட்டிருந்தார்: ஜெசி இல்லாமல் தோணி ஓடுமா? ‘கண்டிப்பாக ஓடும்’ என்று தட்டினேன். எதிர்ப்பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டு அழித்தேன். ‘தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன்’ என்று எழுதினேன். அவள் எனக்கு விட்டுப்போனது இந்த இரண்டு வாக்கியங்கள்தான். முதல் வாக்கியத்துக்கு வாய் போதும். இரண்டாவதற்குத் தினமும் வந்து உட்கார வேண்டும்.

அவள் பார்க்காமல் விட்ட திருத்தங்கள் பதினேழு கிடக்கின்றன. முதலாவதைத் திறந்தேன். அதே மனிதர் அனுப்பியது. தலையில் வழக்கம்போல ‘இதில் பொய் இல்லை.’ ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முப்பதாவது வரியில் ஒன்று இருந்தது. அதன் கீழே, அவள் எழுதுகிற சொல்லை முதல் முறையாக நான் எழுதினேன்.