காசிமாயன் கேட்ட இரண்டு நாள் லீவு

அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனியின் ஆபீஸில் சாரதாமணிக்குப் பதினோரு வருட சர்வீஸ். கட்டிங், தையல், பேக்கிங் என்று வெவ்வேறு ஊர்களில் இருக்கும் யூனிட்டுகளை ஒருங்கிணைப்பது அவள் வேலை. துணி எப்போது வரும், லோடு எப்போது போகும், யாருக்கு லீவு, எல்லாம் அவளைக் கேட்டுத்தான். ரொம்ப நாள் அதெல்லாம் போனிலேயே நடந்தது. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மூன்று மணிக்குத்தான் சாப்பிடுவாள்.

போன வருஷம் எல்லா யூனிட்டுக்கும் ஒரே மெசேஜ் ஆப் வந்தது. இனி எதுவானாலும் அதில் எழுதித்தான் கேட்க வேண்டும் என்று சர்க்குலர் போட்டார்கள். ஐ.டி. பார்க்கிற கதிர்வேல் அவளுடைய பிரவுசரில் அதற்கான எக்ஸ்டென்ஷனையும் போட்டுக் கொடுத்தான். ஷிப்மென்ட் ஷீட்டை மூடாமலே ஓரத்தில் மெசேஜைத் திறந்து பதில் சொல்லலாம்.

"அக்கா, அடிக்கடி எழுதற பதிலை இதுல சேத்து வெச்சுக்கோங்க. ஒண்ணு அடிச்சா ஒரு பதில், ரெண்டு அடிச்சா வேற பதில். பேரைக்கூட அதுவே போட்டுக்கும்" என்றான்.

அவள் ஐந்து பதில்களைச் சேர்த்து வைத்தாள். அதிகம் போனது இரண்டாவதுதான்: 'சரிங்கண்ணா, பார்த்துச் சொல்றேங்க.'

மூலையில் சிவப்பாக ஓர் எண் நிற்கும். பதில் போடப் போட அது குறையும். சாயங்காலம் அது பூஜ்யமானால் அவளுக்குக் குளித்து எழுந்த மாதிரி இருக்கும். முதலாளி ஆத்தப்பன் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும், "சாரதாமணியாட்டம் உடனுக்குடனே பதில் போடோணுங்க" என்றார். அன்று ஊட்டுக்குப் போய் அதைப் புருஷனிடம் இரண்டு தடவை சொன்னாள்.

புரட்டாசியில் ஓர் ஆர்டரில் சைஸ் கணக்குக் குழம்பியது. சாமளாபுரம் யூனிட் கட்டிங் மாஸ்டர் காசிமாயன் அப்போது என்ன எழுதினார் என்று பார்க்க, அவர் பேரைப் போட்டுத் தேடினாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக இங்கே இருக்கிறவர். ஷிப்மென்ட் நேரத்தில் லீவே கேட்காத ஆள்.

தேடியது கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது.

'மேடம், தங்கச்சி மகனுக்குக் காது குத்து. நான்தான் தாய்மாமன், என் மடியிலதான் பிள்ளைய உக்கார வைக்கணும். ஆவணில 22, 23 ரெண்டு நாள் லீவு வேணும்.'

கீழே அவள் பதில், அந்த இரண்டாவது. நாலு நாள் கழித்து அவர் மறுபடி கேட்டிருந்தார். அதே பதில். இருபத்தோராம் தேதி காலையில், 'மேடம், இன்னைக்கு ராத்திரி பஸ். சொல்லுங்க மேடம்.' அதற்கும் அதே பதில்.

இருபத்தைந்தாம் தேதி கடைசியாக ஒன்று: 'காது குத்து முடிஞ்சிருச்சு மேடம். இனி லீவு வேண்டாம்.'

அதற்கு அவள் நான்காவதை அடித்திருந்தாள். 'காசிமாயன் அண்ணா, குறிச்சுக்கிட்டேன், நன்றிங்க.'

ஒன்றைக்கூட அவள் படித்ததாக ஞாபகமில்லை.

மறுநாள் காலையில் சாமளாபுரம் போனாள். காசிமாயன் டேபிளில் துணி விரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணா, ஒரு போன் பண்ணியிருக்கலாமல்லங்க?"

"எழுதித்தான் கேக்கணும்னு சொல்லியிருக்காங்களே மேடம். நீங்களும் பார்த்துச் சொல்றேன்னு மூணு தடவை சொன்னீங்க. ஒங்களத் தாண்டி முதலாளிகிட்ட போனா மரியாதை இல்லேன்னு இருந்துட்டேன்."

"அந்த ரெண்டு நாளும் இங்க வேலை ரொம்ப இருந்துச்சுங்களா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "சாயப்பட்டறையிலிருந்து துணி வரலைங்க. டேபிள் சும்மாதான் கெடந்துச்சு."

பொண்டாட்டியிடம் சீரைக் கொடுத்து அனுப்பியிருந்தார். பிள்ளையைப் பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்களாம். தங்கச்சி ஒச்சம்மாள் அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை.

சாரதாமணி நம்பரை வாங்கித் தன் போனிலிருந்து அழைத்தாள். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று சொன்னாள். மறுமுனையில் ஒச்சம்மாள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நீங்க நல்லவுகளாத்தான் தெரியுறீக தாயி. ஆனா அண்ணன் உசுரோட இருக்கையில அடுத்தவன் மடியில எம்பிள்ளைய வச்சேன். சபையில தல நிமிர முடியல. வேல பெருசா, நான் பெருசான்னு அவனுக்குத் தெரியாமயா போச்சு?"

"அவர் கேட்டாருங்க. நான்தான்…"

"காது குத்துறது ஒரு தடவைதான் தாயி." போன் வைக்கப்பட்டது.

காசிமாயன் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "விடுங்க மேடம், டீ சாப்பிடுங்க" என்று டீ வாங்கி வரச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஆபீஸுக்கு வந்ததும் சேர்த்து வைத்த ஐந்தையும் அழித்தாள். ஒவ்வொன்றையும் படித்துத் தானே எழுத ஆரம்பித்தாள். சாயங்காலம் நாற்பது, ஐம்பது என்று எண் நின்றது. அடுத்த மீட்டிங்கில் ஆத்தப்பன், "என்னங்க, இப்பல்லாம் பதில் லேட்டாகுது?" என்றார். 

தீபாவளிக்கு யூனிட்டே காலியாகும். ஊருக்குப் போகாமல் மிஷின் சர்வீஸுக்கு நிற்கிறவர்கள் லிஸ்ட்டில் காசிமாயன் பேர் முதலில் இருந்தது. அவள் போனை எடுத்து அவரை அழைத்தாள்.

"ஊருக்குப் போகலீங்களா அண்ணா?"

"எந்த ஊட்டுக்குப் போறதுன்னு தெரியலைங்க மேடம்" என்றார். இருபது வருஷத்தில் அவர் பேச்சில் வீடு போய் இந்தப் பக்கத்து ஊடு வந்து ஒட்டியிருந்ததை அன்றுதான் கவனித்தாள்.